ஓர் இமைப்பு முந்தி

மஸ்கெலியா பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே என் கடை.
பொட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போட் சைஸ் படம்.
நாலாவதாக நானே தீந்தையால் எழுதினேன்:
பட்மின்டன், பத்து நிமிஷம் ஐம்பது ரூபா.

கட்டாரில் மச்சான் புவனேந்திரன்
பாவித்துக் கழித்த பெட்டி.
டீவிக்கு மேலே ஒரு கறுப்புக் கண்.
முன்னால் நின்று வெறுங்கையை வீசினால்
உள்ளே ஒருவன் மட்டை வீசுவான்.
அவனுக்கு முகமில்லை.
என் தொப்பை மட்டும் இருந்தது.

ஆனி மாதம். மைதானம் சேறு.
மைதானம் என்றால்,
கீழ்ப்பக்கம் சரிந்துபோய்த் தேயிலைக்குள் முடிகிற ஒரு துண்டு நிலம்.
காற்று ஒருதரம் தூக்கினால்
இறகுப்பந்து ஏழாம் நம்பர் மலையில்.
தேடி வர ஒரு பாடவேளை போய்விடும்.
விளையாட்டு சேர் மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம்.

பெட்டிக்குள் காற்றில்லை.
அதனால் வந்தார்கள்
யோகரூபி, டிலுக்ஷி,
இன்னொரு பிள்ளை. பெயர் சொல்லமாட்டாள்,
ஐந்து பத்து ரூபாத் தாள்களை ஈரத்தோடு நீட்டுவாள்.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சீமெந்துத் தரையில்
இடது கால் முன்னுக்கு, வலது கால் பின்னுக்கு.
முதல்நாள் ஒன்றும் வலையைத் தாண்டவில்லை.
கையில் ஏதாவது இருந்தால்தான் வரும் என்று
யோகரூபி குடையை மடித்துப் பிடித்தாள்.
மேலடி வந்தது.
டியூப்லைட் போனது.

ஆணியில் தொங்கிய என் மழைக்கோட்டை
ஆளென்று நினைத்து எதிர்ப்பக்கம் நிறுத்தியது பெட்டி.
கோட்டு அசையவே இல்லை.
என்றாலும் டிலுக்ஷியிடம் ஐந்து புள்ளி எடுத்தது,
அவள் அடித்ததெல்லாம் கோட்டுக்கு வெளியே.

நாலு மணிக்குப் பனிமூட்டம் கதவால் நுழைந்தால்
திரையில் ஒரே வரி:
ஆளைக் காணவில்லை.
கையை ஆட்டுவோம். குதிப்போம்.
இங்கேதானே நிற்கிறோம் என்போம்.
பிறப்புச் சான்றிதழ் கொப்பி எடுக்க வந்த பாக்கியவதி அக்கா
நாலு தாளையும் விசிறிபோல விரித்துச் சிரித்தார்:
"இதக் காட்டிப் பாருங்க தம்பி, அதுவும் கேக்குதோ என்னவோ."

இரவில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் ஆடுவேன்.
நாற்பத்திரண்டு வயது.
பள்ளியில் ஓடச்சொன்ன நாளெல்லாம்
புள்ளிக் கொப்பியோடு ஓரத்தில் நின்றவன்.
யாரும் பார்க்காமல் தோற்பது
எவ்வளவு சுகம் தெரியுமா?
நூறு தடவை, நூற்றிருபது தடவை.
பெட்டி அலுத்துக்கொள்ளாது, பல்லைக் காட்டாது.
ஒருநாள் இடுப்பு தானாகத் திரும்பியது.
கால் என்னைக் கேட்காமல் பின்னால் போனது.

ஆவணிக் கடைசியில் வெயில்.
இரண்டு கம்பு, ஒரு கயிறு, உரச்சாக்குகள் மூன்று: வலை.
டிலுக்ஷி மெய்யான மட்டையை நீட்டினாள்.
இறகுப்பந்து மேலே போனது,
அங்கே நின்று கொஞ்சம் யோசித்தது,
இறங்கியது.
நான் வீசினேன்.
வீசி முடிந்தபிறகு வந்து
நெற்றியில் குட்டியது.

மறுபடி. மறுபடியும்.
யோகரூபிதான் பிடித்தாள்:
பெட்டி கிழடு. நாம் அடிப்பதை
ஓர் இமைப்புப் பிந்தித்தான் அது காணும்.
அதற்காக ஓர் இமைப்பு முந்தி
அடிக்கப் பழகிவிட்டோம்.
அவர்கள் மூவருக்கும் அதே வியாதி.

கால் சரி. தோள் சரி.
நாலுபேர் பார்க்க வீசலாம் என்ற துணிச்சல்,
அதுவும் கடையில் கிடைத்ததுதான்.
அந்த ஒற்றை இமைப்பை மட்டும்
எங்கே இறக்கிவைப்பது?

பெயர் சொல்லாத பிள்ளை
அன்றைக்குத்தான் வாய் திறந்தாள்:
"வீசுறதுக்கு முந்தி ஒருக்கா மூச்ச விடுங்க."

விட்டேன்.
டக்.
பெட்டிக்குள் இல்லாத சத்தம்.
முழங்கைவரை ஏறியது.
எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.
ஏழாம் நம்பர்ப் பக்கம் என்றார்கள்.
தேட இறங்கினோம், நாலுபேரும்,
நான்தான் முன்னால்.